சில்வரின் பாட்டில்

சில்வர் என்று பேர் வைத்திருந்தார்களே தவிர, குட்டி கரிச்சட்டி நிறத்தில்தான் இருந்தது. வளர வளர வெளுக்கும், தகப்பன் குதிரை அப்படி என்று லாயத்தில் சொல்லிக்கொண்டார்கள். இப்போதைக்கு அதன் பின்னந்தொடை இரண்டும் கழிச்சல் பட்டுப்பட்டு வெந்து, மயிர் உதிர்ந்து, பச்சைப் புண்ணாக இருந்தன. மைமூன் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றித் துடைத்தாள். அழுத்தினால் உதைக்கும். அவள் கணவன் சேக் முகைதீன் குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். துடைத்த இடத்தில் வாஸ்லினை அப்பிவிட்டு அவள் நிமிர்வதற்குள் அது மறுபடியும் பீய்ச்சியது. மஞ்சள் தண்ணீர் அவள் முந்தானையில் வழிந்தது.

"இன்னொருக்கா கழுவிரு. மேனேஜர் பாத்தா கத்துவாரு" என்றான் சேக் முகைதீன்.

"கத்தட்டும். எனக்கு இருக்கது ரெண்டு கைதான."

சொன்னாளே தவிர கை நிற்கவில்லை. குட்டியின் வாயில் தோல்பட்டையில் பின்னிய வாய்க்கூடை மாட்டியிருந்தது. கழிச்சல் கண்ட குட்டி பால் குடித்தால் இன்னும் போகும் என்பது குதிரை டாக்டரின் உத்தரவு. பாலுக்குப் பதிலாகக் கழுத்து நரம்பில் ட்ரிப்பு ஏறியது. உத்தரத்தில் கட்டிய கயிற்றில் பாட்டில் தீரத் தீர அடுத்த பாட்டிலை மாட்டினார்கள். குட்டி குடிக்காததால் தாய்க் குதிரைக்கு மடி கட்டிக்கொள்ளும். அது கட்டாமல் இருக்க மைமூன்தான் பாலைப் பீய்ச்சிச் சாக்கடையில் ஊற்ற வேண்டும். அந்தப் பால் மடியிலிருந்து விழும் சத்தத்தைக் கேட்கும்போது அவளுக்கும் மாரில் சுரந்து ரவிக்கை நனைந்துவிடும். வேலையாட்களுக்குக் கட்டிய லைன் வீட்டில், பக்கத்து வீட்டுத் தங்கபாயிடம் விட்டுவந்த மகள் நூர்னிசாவின் நினைப்பு வந்துவிடும். பிள்ளைக்கு அப்போதுதான் கீழ்ப்பல் எட்டிப் பார்த்திருந்தது.

பண்ணை, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில், மம்சாபுரம் பக்கம் பிரிகிற ரோட்டுக்கு உள்ளே இருந்தது. நூல் மில் முதலாளி ஒருவருடையது. மெட்ராஸில் குதிரைப் பந்தயம் பார்க்கப் போன மனுஷர், ஜெயிக்கிற குதிரையை இன்னொருத்தனிடம் வாங்குவானேன், நாமே வளர்த்தெடுப்போமே என்று இறங்கிவிட்டார். மாந்தோப்பில் பாதியை வெட்டி லாயம் கட்டினார். ஆள் தேடியபோது சேக் முகைதீன் தானாக வந்து நின்றான். ஸ்ரீவில்லிபுத்தூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவன். ஆட்டோ வந்து சவாரி படுத்த பிறகு வண்டியை விறகுக்குப் போட்டுவிட்டு, குதிரையையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு இருந்தவன். லைன் வீடும் வேலையும் கிடைத்த அன்றைக்கு, "குதிர நம்மளக் கைவிடல பாத்தியா" என்று மைமூனிடம் சொன்னான். அவளுக்கும் லாயத்திலேயே வேலை கிடைத்தது.

நோய் வந்த விதம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. பூனாவிலிருந்து ஒரு பெண்குதிரை குட்டியோடு லாரியில் வந்து இறங்கியது. புதிதாக வருகிற குதிரையைத் தனியே கட்டுவதற்கென்று தோப்பின் கோடியில் ஒரு கொட்டகை உண்டு. அதில் மில்லின் கழிவுப் பஞ்சு மூட்டைகளை அடைத்து வைத்திருந்தார்கள். "மூட்டைய எந் தலையிலயா கொண்டு வைப்பீக? இங்ஙனயே கட்டுலே" என்று மேனேஜர் ஞானதுரை, குட்டிகள் இருந்த வரிசையிலேயே அதைக் கட்டச் சொன்னார். வந்து இறங்கும்போதே அந்தக் குட்டிக்குக் கழிச்சல் இருந்தது. வந்த வாரத்திலேயே செத்தது. பிறகு வரிசையில் பக்கத்துக் குட்டி, அதற்குப் பக்கத்துக் குட்டி என்று பிடித்துக்கொண்டது.

மெட்ராஸிலிருந்து டாக்டர் கிருபாபாய் வந்தார். ஆராய்ச்சி டாக்டர். நாகர்கோவில் பக்கத்துப் பெண். முகத்தில் சிரிப்புள்ளவர். லாயத்துக்குள் முகத்தைச் சுளிக்காமல் முட்டி போட்டு உட்கார்ந்து குட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். விரல் நீளத்துக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டியின் பெயரை எழுதி ஒட்டியிருந்தது.

"அததோட கழிச்சல அதது பேரு போட்ட பாட்டில்ல எடுக்கணும். ஒண்ணோட ஒண்ணு கலந்திரக் கூடாது, என்ன? எடுத்ததும் ஐஸ் பெட்டியில வச்சிரணும். வாரா வாரம் டிரைவர் வந்து வாங்கிக்கிடுவாரு."

"இத வச்சு என்ன செய்விய டாக்டரம்மா?" மைமூன் கேட்டாள்.

கிருபாபாய்க்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. "இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வைரஸ் கிருமி இருக்கு. அதுலயே பல வகை உண்டும்மா. மனுசப் பிள்ளைக்கு வயித்தால போக வைக்கிறது ஒரு வகை. கன்னுக்குட்டிக்கு ஒரு வகை, குதிரைக்குட்டிக்கு ஒரு வகை. முன்னெல்லாம் வகை பிரிக்க ரொம்பக் கஷ்டம். இப்ப அதோட ஜீனையே எடுத்துப் பாத்து இன்ன வகை, எங்க இருந்து வந்திருக்கும்னு சொல்லிரலாம். அது தெரிஞ்சாத்தான் அதுக்கு ஏத்த மருந்து, தடுப்பூசி எல்லாம்."

கேட்டுக் காவல்காரர் சோலைச்சாமி அன்று சாயங்காலம் பீடியைப் பற்ற வைத்தபடி சொன்னார். "கிருமிக்கும் சாதி பாக்காவளாம். அதுக்கு மெட்ராசு வரைக்கும் போகணுமாம். நம்மளன்னா மூஞ்சியப் பாத்தே சொல்லிருவாவ."

எல்லோரும் சிரித்தார்கள். மைமூனும் சிரித்தாள். அவள் மனசில் நின்றது ஒன்றே ஒன்றுதான். பாட்டில் போனால் மருந்து வரும். அதற்கு ஏற்றாற்போல, டாக்டர் முதல் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலையில் ராஜபாளையத்திலிருந்து டெம்போ வந்தது. ட்ரிப்பு பாட்டில் பெட்டி பெட்டியாக இறங்கியது, வெள்ளைப் பொடி டப்பாக்கள் இறங்கின. அவை மேனேஜர் முன்பே சொல்லி வைத்தவை என்பது அவளுக்குத் தெரியாது. பாட்டிலைப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள்.

டாக்டர் போனதும் பண்ணைக் கேட்டை மூடிவிட்டார்கள். தேவதானத்தில் முதலாளிக்கு இன்னொரு லாயம் இருந்தது. அங்கே இருப்பவை பந்தயத்துக்குத் தயாரான குதிரைகள். இங்கேயிருந்து யாருடைய செருப்பிலாவது, சட்டையிலாவது ஒட்டிக்கொண்டு நோய் அங்கே போய்விடக் கூடாது. வேலையாட்கள் யாரும் வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து யாரும் வரக் கூடாது. அரிசி பருப்பைக் கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுப் போவார்கள். கேட்டுக்கு உள்ளே கால் நனைக்கச் சிமிண்டுத் தொட்டி கட்டி ஊதா நிற மருந்துத் தண்ணீரை நிரப்பினார்கள். மேனேஜரின் கார் மட்டும் வந்து போனது. அதன் டயரில் சோலைச்சாமி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார்.

நூர்னிசாவுக்கு வாந்தியில்தான் தொடங்கியது. மத்தியானம் வாந்தி, அந்திக்கெல்லாம் வயிற்றால் போக ஆரம்பித்தது. விடிவதற்குள் தூளித் துணி மாற்றி மாளவில்லை. காலையில் மைமூன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸ் அறை வாசலில் போய் நின்றாள். சேக் முகைதீன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றான்.

"பிள்ளைக்கு ரொம்ப முடியல சார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருதோம்."

ஞானதுரை எழுந்து நான்கு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். "நீ போயிட்டு வந்துருவ. ஒங்கூட ஒட்டிக்கிட்டுப் போறது வருமா? அங்ஙன ஒஞ் சொந்தக்காரன் எவனாவது ஜட்கா வச்சிருப்பான். அதுல இருந்து தேவதானம் எம்புட்டுத் தூரம்? முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"வழியில எங்கயும் நிக்க மாட்டோம் சார்."

"போணும்னா போ. நான் பிடிச்சு வைக்கல. ஆனா போனா போனதுதான். திரும்ப உள்ள வர ஏலாது. சட்டி பானைய எடுத்துட்டு வீட்டையும் காலி பண்ணிட்டுப் போயிரணும். யோசிச்சுக்கோ."

மைமூன் திரும்பிச் சேக் முகைதீனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே போனால் ரயிலடியில் அவனுக்கு வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை, படுக்க ஒரு கூரையும் இல்லை.

"உள்ள தொங்குற ட்ரிப்புல ஒண்ணாவது பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு? குதிரைக்கு ஏத்துறத மனுசப் பிள்ளைக்கு எவன் ஏத்துவான்? ஏடாகூடமாப் போச்சுன்னா எங் கையில வெலங்கு மாட்டிருவான். பச்சப்பிள்ளைன்னா போகத்தான் செய்யும். பல்லு மொளைக்குதுல்லா?"

வீட்டுக்கு வந்ததும் சேக் முகைதீன், "இன்னைக்கு ஒரு நா பாப்பமே மைமூனு. கொறஞ்சாலும் கொறஞ்சிரும்" என்றான். கோபத்தில் அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் பானையை எடுத்துக்கொண்டு கிளம்பு என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் அவள் பாலை நிறுத்தினாள்.

பக்கத்து வீட்டுத் தங்கபாய் பண்ணையின் தீவனக் கொட்டகையில் வேலை செய்கிறவள். அவளுக்கும் கைப்பிள்ளை ஒன்று உண்டு. நூர்னிசா மாரை முட்டி முட்டி அழுவதையும் மைமூன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலையை இறுக்குவதையும் பார்த்துவிட்டு, "பால நிறுத்தலாமா ஏட்டி? பிள்ள நாக்கு காஞ்சுல்லா கெடக்கு" என்றாள்.

"குட்டிகளுக்கு நிறுத்தித்தான வச்சிருக்காவ அக்கா? லச்ச ரூவா குதிர. தெரியாமயா செய்வாவ? சில்வரப் பாரு, வாய்க்கூட மாட்டின பொறவுதான் தேறி வருது. பாலு உள்ள போனா இன்னும்தான் போகும்."

தங்கபாய்க்கு அதை மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. படித்த டாக்டர்கள் லாயத்தில் செய்வதைக் கண்ணால் பார்க்கிறவர்கள்தானே இருவரும். மைமூன் வீட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்று, கட்டிக்கொண்ட மாரைத் தானே பீய்ச்சி மண்ணில் விட்டாள். குதிரைக்குச் செய்து பழகிய கை. பிள்ளைக்கு ஈரத்துணியில் உதட்டை மட்டும் நனைத்தாள். சில்வரின் கழுத்தில் ஏறிய தண்ணீர்தான் அதைத் தேற்றியது என்று அவளுக்குச் சொல்வார் யாரும் இல்லை.

மறுநாள் பாட்டில் வாங்குகிற நாள். உச்சிக்குழி உள்ளே இறங்கி, கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராமல் பிள்ளை வெறுமனே வாயை வாயைத் திறந்தது. அதைத் தங்கபாயின் மடியில் போட்டுவிட்டு மைமூன் லாயத்துக்கு வந்தாள். வராமல் இருக்க முடியாது. பாட்டில் நிரப்புவது அவள் வேலை. ஒவ்வொரு குட்டியாக எடுத்து மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டே வந்தாள். சில்வரின் முறை வந்தது. அது பெருமூச்சு விட்டுப் படுத்திருந்தது. புண் காய்ந்து வந்தது.

அவள் சில்வரின் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு லைன் வீட்டுக்கு ஓடினாள். தூளித் துணியில் பச்சையும் மஞ்சளுமாகத் தேங்கியிருந்ததைக் குச்சியால் வழித்துப் பாட்டிலில் விட்டாள். ஒரு துளி கூடத் தண்ணீர் படவில்லை. கலக்கவும் இல்லை. டாக்டரம்மா சொன்னது சொன்னபடி செய்தாள்.

"என்ன ஏட்டி செய்த?" என்றாள் தங்கபாய்.

"இத மெட்ராஸ்ல பாத்தாவன்னா இதுக்கு என்ன மருந்துன்னு தெரிஞ்சிரும்லா. சில்வருக்குன்னு மருந்து குடுத்துவிடுவாவ. நான் வாங்கி நம்ம பிள்ளைக்குக் குடுத்துருவேன். சில்வருக்கு இனிமே எதுக்கு?"

டிரைவர் கேட்டுக்கு வெளியிலேயே காரை நிறுத்தியிருந்தான். மேனேஜர் தன் கையால் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். வழியில் ஆடாமல் இருக்கப் பின் சீட்டில் வைத்து இரண்டு பக்கமும் தலையணை கொடுத்தார்கள். மைமூன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மருந்து எப்ப வருங்க?" என்று டிரைவரிடம் கேட்டாள். "சீக்கிரம் வரும்மா" என்றான் அவன், எதைக் கேட்கிறாள் என்று தெரியாமலே.

அடுத்த நாள் காலையில் டெம்போச் சத்தம் கேட்டதும் அவள் சில்வரின் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கேட்டுக்கு வெளியே இறக்கிய பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்தார்கள். ட்ரிப்பு, பஞ்சு, வாஸ்லின் டப்பா. அவள் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தாள்.

"சில்வருக்குன்னு தனியா எதும் வந்திருக்கா சார்?"

"சில்வருக்கு என்ன? அதுதான் நல்லாத் தேறிட்டே. வாய்க்கூடைய இன்னைக்குக் கழட்டிரு. பால் குடிக்கட்டும்" என்றார் ஞானதுரை. அவருக்கு அன்றைக்கு நல்ல மனநிலை.

அவள் போய் வாய்க்கூடையைக் கழற்றினாள். சில்வர் தட்டுத் தடுமாறி எழுந்து தாயின் மடியை முட்டியது. அது சப்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது தங்கபாய் லாயத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கூப்பிடவும் இல்லை. அவள் கை இரண்டும் வெறுமனே தொங்கியதைப் பார்த்ததும் மைமூனுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று அஸர் தொழுகைக்கு முன்னால் கேட்டைத் திறந்தார்கள். பிள்ளையின் மையத்தை அடக்கம் செய்யாமல் எத்தனை நேரம் வைத்திருக்க முடியும் என்று மேனேஜருக்கே பட்டுவிட்டது. சேக் முகைதீன் மட்டும் போகலாம், போனவன் கேட்டுத் திறக்கிற வரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்துகொள்ளட்டும், வேலை போகாது என்று சலுகையும் கொடுத்தார். அவன் வெள்ளைத் துணிப் பொதியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தொட்டியில் காலை நனைத்துவிட்டு நடந்தான். இந்தக் கேட்டை முந்தாநாள் திறந்திருந்தால் என்ன என்று மைமூன் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி அவள் நிலைமை இல்லை. சோலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு கேட்டைச் சாத்தினார்.

மெட்ராஸிலிருந்து கிருபாபாய் திரும்பி வந்தபோது கோடை முற்றியிருந்தது. கேட்டு திறந்தாகிவிட்டது. சேக் முகைதீன் வேலைக்குத் திரும்பியிருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது குறைந்துபோயிருந்தது. சில்வர் தோப்புக்குள் தாயோடு ஓடித் திரிந்தது. கிருபாபாயின் முகத்தில் மறைக்க முடியாத சந்தோஷம் இருந்தது. ஆபீஸ் அறையில் மேனேஜரோடு வெகு நேரம் பேசினார். அதன் பிறகு ஞானதுரை வேலையாட்களை எல்லாம் முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா கண்டுபிடிச்சிட்டாவ. சில்வர் குட்டியோட பாட்டில்ல இருந்தது குதிரைக் கிருமியே இல்ல. மனுசப் பிள்ளை வயித்துல இருக்கக் கிருமி. மனுசன்கிட்ட இருந்து குதிரைக்குப் போயிருக்கு. இந்த நாட்டுலயே இப்படி எங்கயும் பாத்ததில்லையாம்." அவர் லைன் வீடுகளின் பக்கம் கையை நீட்டினார். "அப்ப நோவ உள்ள கொண்டு வந்தது ஆரு? நானும் ஊரெல்லாம் தேடிட்டுக் கெடந்தேன். சேக்கு பிள்ளைக்கு இருந்ததுல்லா? அதுதான். முதலாளிக்குப் போன் போட்டுட்டேன். இனிமே கைப்பிள்ளை வச்சிருக்கவங்க ஆரும் லைன்ல இருக்கக் கூடாது. தங்கபாய், நீ இந்த மாசத்தோட காலி பண்ணிரு."

தங்கபாய் இடுப்பில் இருந்த பிள்ளையை அறியாமல் முந்தானையால் மூடினாள். சேக் முகைதீன் தலைத்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். செத்த பிள்ளையின் தலையில் குட்டிகளின் நோயை எல்லாம் ஏற்றிவைத்தாகிவிட்டது. மைமூன் முன்னால் வந்தாள்.

"அது சில்வரோடது இல்ல" என்றாள்.

"என்னது?"

"அந்தப் பாட்டில்ல இருந்தது சில்வரோடது இல்ல டாக்டரம்மா. எம் பிள்ளையோடது. நாந்தான் எடுத்து வச்சேன். மருந்து வரும்னு வச்சேன்."

கிருபாபாயின் முகத்தில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. ஏமாற்றம். கையில் இருந்த பேனாவை மூடித் திறந்து மறுபடியும் மூடினார். அப்புறம்தான் மைமூனை நிமிர்ந்து பார்த்தார்.

"மத்த பாட்டிலெல்லாம்?"

"அதெல்லாம் குட்டிகளோடதுதான். நீங்க சொன்ன மாதிரி எடுத்தேன்."

"மத்ததுல எல்லாம் ஒரே வகைதான் சார்" என்றார் கிருபாபாய், மேனேஜர் பக்கம் திரும்பி. குரல் இறங்கிவிட்டது. "எல்லாமே குதிரை வகை. செத்த பூனாக் குட்டிக்கு உங்க குதிரை டாக்டர் அப்பவே எடுத்து வச்சதும் அதேதான். அங்க இருந்துதான் மத்ததுக்குப் போயிருக்கணும். அதத் தனியா வச்சிருந்ததாச் சொன்னீங்களே?"

ஞானதுரை காதில் விழாதது போல் சோலைச்சாமியைப் பார்த்தார். சோலைச்சாமி கேட்டைப் பார்த்தார்.

"அப்ப எம் பிள்ளைக்கு இருந்தது?" மைமூன் கேட்டாள்.

"அது வேற. ஊருல பிள்ளைங்களுக்கு வழக்கமா வர்றது. குதிரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"சம்பந்தமே இல்லன்னா என்னைய வெளிய விட்டிருக்கலாம்லா?"

மேனேஜர்தான் சொன்னார். "அது இப்பத்தான தெரியுது. அப்ப ஆருக்குத் தெரியும்?"

கிருபாபாய் ஒரு எட்டு முன்னால் வந்தார். "பால் குடுத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"நிறுத்திட்டேன். குட்டிகளுக்கு நிறுத்துன மாதிரி."

"ஐயோ, மனுசப் பிள்ளைக்கு நிறுத்தவே கூடாதும்மா. தாய்ப்பால்தான் மருந்தே. கூட உப்பும் சீனியும் தண்ணியில கலந்து..." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். நிறுத்தியும் பிரயோசனம் இல்லை. மைமூனின் காதில் அது விழுந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் மண்ணில் அவள் விட்ட பால் முழுக்க மருந்து என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தது.

மேனேஜருக்கு முதலாளியிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அது இப்போது சுலபமாகக் கிடைத்துவிட்டது. பொய்ப் பாட்டிலை வைத்து டாக்டரையும் முதலாளியையும் ஏமாற்றியவளை எப்படி வேலையில் வைத்துக்கொள்வது? இன்றைக்கே போக வேண்டும், புருஷனையும் கூட்டிக்கொண்டு. தங்கபாய் இருந்துகொள்ளலாம். "இனிமே நீதான் லாயத்துல பாட்டில் எடுக்கணும். ஒழுங்கா எடுக்கணும்" என்றார் அவளிடம். தங்கபாய் தலையை ஆட்டினாள். மைமூனின் கண்ணைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"பாவம் சார், தெரியாமச் செஞ்சது" என்று கிருபாபாய் ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் சொல்ல அது அவருடைய பண்ணை இல்லை.

சேக் முகைதீன் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கும்போது மைமூன் காரடியில் நின்ற கிருபாபாயிடம் போனாள்.

"அந்தப் பாட்டில என்ன செஞ்சிய?"

"இருக்கும்மா. மெட்ராஸ்ல ஃப்ரீசர்ல வச்சிருக்கோம்."

"எம்புட்டு நாளு கெடாம இருக்கும்?"

"வருசக் கணக்கா இருக்கும். தூக்கிப் போட மாட்டோம்."

"அங்ஙன கரண்டு போகாதுல்லா?"

"ஜெனரேட்டர் இருக்கு" என்றார் கிருபாபாய், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"அதுல சில்வர்னு எழுதியிருக்கும். நூர்னிசான்னு மாத்தி எழுதிருங்க."

டாக்டர் சரி என்று தலையசைத்தார்.

கேட்டுக்கு வந்தபோது சோலைச்சாமி தொட்டியைக் காட்டினார். வெயிலில் தண்ணீர் வற்றிப் பாதியாகியிருந்தது. "மிதிச்சிட்டுப் போங்க தாயி. வெளிய போறவங்க மிதிக்கணும்னு ஆர்டர். நான் என்ன செய்ய" என்றார். சேக் முகைதீன் சாக்கைத் தலையில் வைத்தபடி இறங்கி ஏறினான். மைமூன் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தொட்டியில் இறங்கினாள். இடது கையில் தூளித் துணி சுருட்டி இருந்தது.

அவள் தொட்டியில் நிற்கும்போதே வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. பம்பாய்ப் பக்கத்து நம்பர் போட்ட லாரி. மேலே தார்ப்பாய்க்குள் ஒரு குதிரை காலை உதைக்கிற சத்தம். "தள்ளு, தள்ளு" என்று மேனேஜர் ஆபீஸ் வாசலிலிருந்து கையை வீசினார். இருவரும் கேட்டுத் தூணோடு ஒட்டி நின்றார்கள். சோலைச்சாமி இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டார். டயரில் ஊற்ற அவர் வாளியைத் தேடுவதற்குள், லாரி தொட்டியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. தோப்பின் கோடியில் கொட்டகைக்குள் பஞ்சு மூட்டைகள் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. லாரி நேரே குட்டிகள் இருந்த வரிசைக்கு முன்னால் போய் நின்று, பின்பலகையை இறக்கியது.